தண்டனை அவனுக்கு, அவளுக்கு என்ன?

கூலாய் செய்தி வந்த அன்று காலை நாங்கள் பசியாறிக் கொண்டிருந்தோம். 2025 ஏப்ரல் மாதம் அது. அம்மா கைப்பேசியில் செய்தியைப் படித்தார். படித்து முடித்ததும் என் தங்கையைப் பார்த்து, "இனிமேல் உன் படத்தை எங்கேயும் போடாதே" என்றார்.

தங்கை படிவம் 4 மாணவி. உடனே கேட்டாள். "அந்தப் பிள்ளைங்க என்னம்மா தப்புப் பண்ணாங்க? சும்மா சிரிச்ச படம்தானே போட்டாங்க?"

அம்மாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். ஜோகூர், கூலாயில் உள்ள ஒரு தனியார் பள்ளியின் 16 வயது மாணவன் கைது செய்யப்பட்டான். சக மாணவிகளும் முன்னாள் மாணவிகளும் சமூக ஊடகங்களில் போட்டிருந்த சாதாரணப் படங்களை எடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலியால் ஆபாசப் படங்களாக மாற்றி, ஒரு படம் 2 வெள்ளி என்று விற்றான் என்பது அவன் மீதான புகார். பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை 38 என, கூலாய் நாடாளுமன்ற உறுப்பினரும் அப்போதைய தொடர்புத்துறைத் துணை அமைச்சருமான தியோ நி சிங் தெரிவித்தார். நம் ஊர் கடையில் ஒரு தே தாரேக்கின் விலைக்கு ஒரு பெண்ணின் மானம் விலை பேசப்பட்டது.

அன்று இரவு தங்கை இன்னொரு கேள்வி கேட்டாள். "அவனைப் பிடிச்சு உள்ள போட்டா, அந்தப் படமெல்லாம் போயிடுமா அண்ணா?"

நான் சட்டம் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவன். வழக்கறிஞன் அல்லன். ஆனால் இந்தக் கேள்விக்காவது எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தண்டிக்கும் சட்டம்

இது போன்ற செயலைத் தண்டிக்க நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. ஆபாசப் பொருளை விற்பது, பரப்புவது ஆகியவற்றுக்குத் தண்டனைச் சட்டத்தின் 292-ஆவது பிரிவு இருக்கிறது. ஒருவரின் கண்ணியத்தை அவமதித்து அந்தரங்கத்தில் நுழைவதற்கு 509-ஆவது பிரிவு. இணையம் வழி ஆபாசத்தை அனுப்புவதற்கு 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு. இந்தப் பிரிவு 2025 பிப்ரவரியில் கடுமையாக்கப்பட்டது. 50 ஆயிரம் வெள்ளியாக இருந்த உச்ச அபராதம் 5 லட்சமானது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் 5 ஆண்டு வரை சிறை. சிறார்களின் ஆபாசப் படங்களைத் தயாரிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் 2017 சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் தனியாக இருக்கிறது.

எல்லாம் சரி. ஆனால் குற்றவியல் வழக்கு அரசாங்கத்துக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையில் நடப்பது. வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்று அரசுத் தரப்பு முடிவு செய்யும். பாதிக்கப்பட்ட பெண் அங்கே ஒரு சாட்சி மட்டுமே. அபராதம் விதிக்கப்பட்டால் அந்தப் பணம் அரசாங்கக் கருவூலத்துக்குப் போகிறது. குற்றம் நிரூபிக்கப்பட்டால், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்லி அரசுத் தரப்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 426-ஆவது பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். அந்தச் சாவியும் அவள் கையில் இல்லை.

'அவனுக்கு எத்தனை வருஷம்?' என்று நாம் எல்லாரும் கேட்கிறோம். 'அவளுக்கு என்ன கிடைத்தது?' என்று கேட்பவர் குறைவு.

அவள் கையில் இருக்கும் சாவி

அதற்குத்தான் சிவில் வழக்கு. இதைத் தொடுப்பது பாதிக்கப்பட்டவரே. போலீஸ் கோப்பு மூடப்பட்டாலும் இந்த வழி மூடப்படுவதில்லை. குற்றவியல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் 'நடந்திருக்கவே அதிக வாய்ப்பு' என்று நீதிபதி நம்பினால் போதும். கேட்கக்கூடியவையும் வேறு. படத்தை இனிப் பகிரக்கூடாது என்ற தடையுத்தரவு, கையிலிருக்கும் படிகளை ஒப்படைக்கவும் அழிக்கவும் உத்தரவு, இழப்பீடு. வழக்கு முடியும் வரை காத்திருக்க முடியாத நிலையில் இடைக்காலத் தடையுத்தரவும் கேட்கலாம். 2013 மார்ச் முதல் செஷன்ஸ் நீதிமன்றமே தடையுத்தரவு கொடுக்கலாம். ஜோகூர் பாரு உயர்நீதிமன்றம் வரை போனால்தான் உண்டு என்ற நிலை இன்று இல்லை.

இவை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மலேசியப் பெண்கள் சிலர் நடந்து காட்டிய வழி இது.

2003-இல் கோலாலம்பூரில் சமயத் துறையும் ரேலாவும் நடத்திய ஒரு சோதனையில் ஒரு பெண் பிடிக்கப்பட்டு லாரியில் ஏற்றப்பட்டார். கழிவறைக்குப் போக அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. வேறு வழியின்றி லாரிக்குள்ளேயே சிறுநீர் கழித்தபோது ஒரு ரேலா உறுப்பினர் அவரைப் படம் எடுத்தார். படம் எடுத்தவர் சிறைக்குப் போனார். அத்தோடு விட்டுவிடாமல் அந்தப் பெண் சிவில் வழக்குத் தொடுத்தார். உயர்நீதிமன்றம் 1 லட்சம் வெள்ளி இழப்பீடு கொடுத்தது, ஆனால் படம் எடுத்தவர் மட்டும் கட்டவேண்டும் என்றது. அவர் மேல்முறையீடு செய்தார். 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவரை அனுப்பியவர்களும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. தனி மனிதன் ஒருவன் செய்த தவறு என்று சொல்லி அதிகாரிகளும் அரசாங்கமும் ஒதுங்கிக்கொள்ள முடியவில்லை.

அடுத்தது பினாங்கு. ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை செய்த மருத்துவர், மயக்கத்தில் இருந்த அவரின் அந்தரங்கப் பகுதியை அவர் சம்மதம் இல்லாமல் படம் எடுத்தார். மருத்துவப் பதிவுக்காக எடுத்தேன் என்றார் மருத்துவர். எந்தக் காரணமாக இருந்தாலும் சம்மதம் கேட்டிருக்க வேண்டும் என்றது பினாங்கு உயர்நீதிமன்றம். ஒரு பெண்ணின் அந்தரங்கத்தில் நுழைவதே வழக்குத் தொடுக்கப் போதுமான காரணம் என்று 2010-இல் வந்த அந்தத் தீர்ப்பு சொன்னது. அந்தப் படங்கள் வெளியே எங்கும் பரவியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

2016-இல் கூட்டரசு நீதிமன்றம் இன்னொரு கதவைத் திறந்தது. வேலையிடத்தில் மேலதிகாரியின் ஆபாசப் பேச்சால் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு, பாலியல் தொல்லை என்பதையே காரணமாக வைத்து வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்றது. அவருக்கு மொத்தம் 1 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளி இழப்பீடு கிடைத்தது.

இந்த மூன்று வழக்கிலும் ஒரு பெண் 'போதும், விட்டுவிடு' என்று சொன்னவர்களைத் தாண்டி நடந்திருக்கிறார். நாம் இன்று பாடமாகப் படிப்பது அவர்கள் பட்ட பாட்டை.

பொய்ப் படத்துக்கு எந்தச் சட்டம்?

கூலாய் விவகாரம் கொஞ்சம் வேறு. அங்கே யாரும் கேமரா வைத்து மறைந்து எடுக்கவில்லை. முகம் உண்மை, உடல் பொய். அப்படியென்றால் அந்தரங்கத்தில் நுழைந்ததாகச் சொல்ல முடியுமா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கக்கூடும்.

இங்கே மானநஷ்ட வழக்கு கைகொடுக்கும். அந்தப் பெண் இப்படிப் படத்துக்கு நின்றாள் என்று மற்றவர்களை நம்பவைக்கும் பொய் அது. பொய்யை வெளியிட்டு ஒருவரின் பெயரைக் கெடுப்பதுதான் மானநஷ்டம். ஆனால் காதலித்த காலத்தில் நம்பிக் கொடுத்த உண்மையான படத்தை, பிரிந்த பிறகு ஒருவன் பரப்பினால் மானநஷ்ட வழக்கு நிற்காது. 'உண்மையைத்தான் வெளியிட்டேன்' என்பதே அவனுக்குத் தற்காப்பாகிவிடும். அங்கே அந்தரங்க மீறல் வழக்குதான் வேண்டும். பொய்ப் படத்துக்கு ஒரு கதவு, உண்மைப் படத்துக்கு ஒரு கதவு. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்து தட்ட வேண்டும்.

பலருக்குத் தெரியாத மூன்றாவது கதவும் உண்டு. அதுதான் காப்புரிமை. நீங்களே எடுத்த செல்ஃபிக்கு நீங்களே காப்புரிமையாளர். 1987 காப்புரிமைச் சட்டத்தின்படி, அனுமதியின்றிப் பயன்படுத்தியவர் மீது வழக்குப் போடலாம். அந்தப் படத்தை வைத்திருக்கும் இணையச் சேவை நிறுவனத்துக்கு முறைப்படி அறிவிக்கை கொடுத்தால் 48 மணி நேரத்தில் அதை அகற்ற வேண்டும். மானத்தைக் காப்பாற்றக் காப்புரிமைச் சட்டமா என்று சிரிப்பு வரலாம். மூழ்குகிறவர் எந்தக் கட்டை என்று பார்ப்பதில்லை.

கல்லூரி, பல்கலைக்கழக நண்பர்களுக்கு இன்னொன்று. 2022 பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றம் 2024 மார்ச் முதல் புகார்களைப் பெறுகிறது. பேச்சு, சைகை, தொடுதல் ஆகியவற்றோடு காட்சி வழியான தொல்லையையும் சட்டம் குறிப்பிடுகிறது. உங்களைத் தொல்லைப்படுத்த வகுப்புத் தோழரோ, பணிப்பயிற்சி இடத்து அதிகாரியோ படத்தை ஆயுதமாக்கினால் அங்கே போகலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. விசாரணை மூடிய அறையில் நடக்கிறது. மன்னிப்புக் கேட்கவும், 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி வரை இழப்பீடு கொடுக்கவும் அந்த மன்றம் உத்தரவிடலாம்.

எதிர்க்கேள்விகள்

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது பாட்டி கேட்டார்: "மானத்துக்குக் காசு வாங்குறதாடா?"

நியாயமான கேள்வி. விபத்தில் கால் போனவருக்கு இழப்பீடு கொடுக்கிறோம். காலுக்கு விலை அது என்று யாரும் நினைப்பதில்லை. தவறு உன்னுடையது இல்லை, அவனுடையது என்று நாடு எழுத்தில் சொல்கிறது. மனநல ஆலோசனைக்கும், பள்ளி மாறுவதற்கும், விட்டுப்போன படிப்பைத் தொடர்வதற்கும் பணம் வேண்டும். அதை அந்தப் பெண்ணின் அப்பா ஏன் கட்டவேண்டும்?

'16 வயதுப் பையனிடம் காசு ஏது?' என்பது அடுத்த கேள்வி. சிறுவன் என்பதால் சிவில் பொறுப்பு இல்லாமல் போவதில்லை. தீர்ப்பை அமல்படுத்த 12 ஆண்டு வரை வழக்குத் தொடரலாம். 16 வயதுப் பையன் அதற்குள் சம்பளம் வாங்கும் இளைஞனாகியிருப்பான். அவன் எதிர்காலமும் பாழாகிறதே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சிறையைவிட, தான் செய்ததற்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித் தீர்ப்பது அவனைத் திருத்தக்கூடும்.

'காலம் கடந்துவிட்டதே' என்பது மூன்றாவது. தீபகற்பத்தில் இத்தகைய வழக்குக்கு 6 ஆண்டு அவகாசம். பாதிக்கப்பட்டபோது 18 வயதுக்குக் கீழே இருந்தால், அந்தக் காலக்கெடு 18 முடிந்த பிறகே ஓடத் தொடங்கும். அதற்கு முன்பே வழக்குத் தொடுக்க விரும்பினால் பெற்றோர் சார்பாளராக நின்று தொடுக்கலாம். படிவம் 3-இல் நடந்த ஒன்றுக்கு, பல்கலைக்கழகம் போன பிறகு துணிவு வந்தாலும் கதவு திறந்திருக்கும்.

எங்கே ஓட்டை?

இவ்வளவு இருந்தும் நான் திருப்தியோடு எழுதவில்லை. காரணம், இந்த உரிமை ஒரு முழுமையான சட்டத்தில் எழுதப்பட்டதல்ல. தீர்ப்புகளின் மேல் நிற்கிறது. பினாங்குத் தீர்ப்புக்கு முன்னர், பாலர்பள்ளிச் சிறுவன் ஒருவனின் படம் விளம்பரத்தில் வந்த வழக்கில், அந்தரங்க மீறலுக்கு வழக்கே கிடையாது என்று இன்னோர் உயர்நீதிமன்றம் சொல்லியிருந்தது. பினாங்குத் தீர்ப்புக்குப் பிறகும் நீதிமன்றங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. எந்த நீதிபதி முன் வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்து ஒரு பெண்ணின் உரிமை மாறலாமா?

பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். விடியற்காலை 4 மணிக்கே மோட்டார் சைக்கிளில் ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம் அண்ணன்மார், அக்காமார். அங்கே 2025 நவம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அந்தரங்கப் படங்களால் பாதிக்கப்பட்டவர், படத்தை நீக்கச் சொல்ல ஓர் ஆணையத்தை நாடலாம். செய்தவர் மீதும் தளத்தின் மீதும் வழக்குத் தொடுக்கும் உரிமையும் அதே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில், 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கப் படங்கள் இணையத்தில் பரவியபோது, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவற்றை 48 மணி நேரத்துக்குள் அகற்ற இந்திய அரசுக்கு உத்தரவிட்டார். சட்டம் தெரிந்த வழக்கறிஞரே உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்றால், கூலாயில் ஒரு படிவம் 2 மாணவி எங்கே போவாள்?

நம் நாட்டிலும் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. தளங்களின் கடமையைச் சொல்லும் சட்டம் அது, வரவேற்கிறேன். அதோடு மூன்று காரியங்கள் நடக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, அந்தரங்கப் படத்தை, உண்மையோ போலியோ, சம்மதமின்றி உருவாக்குவதும் பகிர்வதும் வழக்குத் தொடுக்கத்தக்க தவறு என்று நாடாளுமன்றம் தெளிவாக எழுத வேண்டும். இரண்டு, வழக்குத் தொடுப்பவரின் பெயர் நீதிமன்றப் பதிவிலும் செய்தியிலும் வெளிவராது என்ற உறுதி வேண்டும். மானத்தைக் காக்க வந்தவர் மீண்டும் ஒரு முறை அம்பலப்படக்கூடாது. மூன்று, அகற்றும் உத்தரவு நாள்கணக்கில் கிடைக்க வேண்டும், மாதக்கணக்கில் அல்ல.

உங்களுக்கு நடந்தால்

முதலில், அழித்துவிடாதீர்கள். யார் அனுப்பினார், எந்தக் கணக்கு, எந்த முகவரி, எந்த நாள், எத்தனை மணி என்பதெல்லாம் தெரியும்படி திரைப்பதிவு எடுத்து வையுங்கள். 1950 சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு உங்களுக்கு உதவும். ஒருவரின் பெயரோ படமோ உள்ள கணக்கிலிருந்து ஒன்று வெளிவந்தால், மறுத்து நிரூபிக்கும் வரை வெளியிட்டவர் அவரே என்று அது ஊகிக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் அந்தப் படத்தையே சேமிப்பதும் 'ஆதாரம்' என்று தோழிக்கு அனுப்புவதும் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும். உரையாடலையும் கணக்கு விவரத்தையும் மட்டும் பதிவு செய்யுங்கள். மற்றதைப் போலீசிடம் காட்டுங்கள்.

பிறகு போலீஸ் புகார், தளத்தில் புகார், தொடர்பு, பல்லூடக ஆணையத்தில் புகார். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 'டேக் இட் டவுன்', மேற்பட்டவர்களுக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவச அகப்பக்கங்கள் உண்டு. உங்கள் படம் அங்கே அனுப்பப்படுவதில்லை. படத்தின் எண்வடிவக் கைரேகை மட்டும் போகிறது. அதே கைரேகை உள்ள படத்தை, இத்திட்டத்தில் சேர்ந்திருக்கும் தளங்கள் கண்டுபிடித்துத் தடுக்க முடியும். பேச ஆள் வேண்டுமென்றால் 15999 தாலியான் காசே எண்ணை அழையுங்கள். வழக்கறிஞருக்குக் கட்டப் பணமில்லை என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஜோகூரிலும் இருக்கிறது. முதலில் போய்க் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று

எழுதுவதற்குத் தயங்கியதை எழுதிவிடுகிறேன். நான் படிவம் 5 படித்தபோது எங்கள் வகுப்புப் பையன்களின் புலனக் குழுவில் ஒரு மாணவியின் படம் வந்தது. அவள் யாரையோ நம்பி அனுப்பிய படம். குழுவில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தோம். நான் அதை யாருக்கும் அனுப்பவில்லை. அதனால் நான் நல்லவன் என்று அப்போது நினைத்தேன். ஆனால் பார்த்தேன். 'இதை எடுத்துவிடு' என்று ஒரு வரி எழுதவில்லை. அவள் அடுத்த வாரம் பள்ளிக்கு வரவில்லை. எஸ்பிஎம் தேர்வுக்கு மட்டும் வந்து, யாரையும் பார்க்காமல் எழுதிவிட்டுப் போனாள். கட்டொழுங்கு ஆசிரியர் எங்களுக்குச் சொன்னது, 'பெண் பிள்ளைகள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்' என்பதுதான். பையன்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அவளுக்குத் தடையுத்தரவு கேட்கலாம் என்று தெரிந்திருக்காது. எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் அவள் போயிருப்பாளா என்று எனக்குச் சொல்ல முடியாது. ஆனால் போகலாம் என்று தெரிந்திருக்கும். படிவம் 4 நன்னெறிப் பாடத்திலோ குடியியல் நேரத்திலோ ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைச் சொல்லிக் கொடுக்கலாம். பையன்களும் பெண்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து கேட்கவேண்டிய பாடம் இது.

தங்கையின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அவனை உள்ளே போட்டால் மட்டும் படங்கள் போய்விடாது. அவற்றை எடுக்கச் சொல்லவும், பரப்பியவனைப் பதில் சொல்ல வைக்கவும் உனக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையைக் கேட்டு நீ போகும் நாளில் நான் உன்னோடு வருகிறேன்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். தங்கை தன் படத்தைப் போடட்டும். சிரித்த முகத்தோடு.